வெள்ளை மேகத்துக்குள்

நம் மெஹ்ரியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஃபெர்கானாவில் முலாம்பழம் வந்துவிட்டது. நீங்கள் வேலை செய்யும் கசானில் இப்போதே குளிரா?

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆலையில் அம்மோனியா பம்பு கசிந்தது. வெள்ளை மேகம் ஒன்று தரையோடு தவழ்ந்து வந்தது. அவசரமாக முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வைக் கையாலேயே மூடினேன். மேகத்துக்குள் பனி பெய்து முடிந்ததுபோல் அத்தனை அமைதி. நீங்கள் பக்கத்தில் நடந்து வருவதுபோல் இருந்தது. பயமே தோன்றவில்லை.

வெளியே வந்ததும் ஷிஃப்ட் தலைவர் ஹோஷிம் அண்ணன், "பைத்தியமா தங்கச்சி உனக்கு? முகமூடிப் பட்டையைக்கூட இறுக்கலையே!" என்று கத்தினார். பிறகு அவரே அழுதார்.

மருத்துவர் நல்ல மனிதர். மூக்கு சில மாதங்களில் சரியாகிவிடலாம் என்கிறார். மூச்சுக்கு ஒன்றுமில்லை.

நேற்று மெஹ்ரி ஒரு பழத்தை என் முகத்தருகே நீட்டி, "இது இனிக்குமா? மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றாள்.

"நீயே சொல்லேன்."

"அதுகூடத் தெரியலையா உனக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் தூங்கியதும், நீங்கள் துவைக்காமல் விட்டுப்போன நீலச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். வெறும் துணியாக இருந்தது. இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் சமாளித்தேன். இனி நீங்களே வந்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி