கை வைக்காத டீச்சர்

மார்ச் 5

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால், நீ வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன பிறகு நான் ஒருவன்தான். நைட் டியூட்டியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

என்னடா இது, போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று பார்க்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே "விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்பாய். கடிதத்துக்குள் நீ புக முடியாது.

விஷயம் இதுதான். டிப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை காலியாகிறது. கம்ப்யூட்டரில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஏப்ரல் பதினெட்டு கடைசி நாள். அதனால் நூலகத்தில் பெரியவர்களுக்கு நடத்துகிற சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடியதும் என் வலது கால் மேஜைக்கு அடியில் பிரேக்கைத் தேடியது. பக்கத்து நாற்காலி சமையல்காரரோ மவுஸையே தூக்கித் திரையில் வைத்து அழுத்தினார். ஆக, வகுப்பில் நான் கடைசி மாணவன் இல்லை.

இப்படிக்கு,
உன் டிரைவர்

மார்ச் 14

அன்பு மிக்க டிரைவர் ஐயாவுக்கு,

பிரேக் தேடிய கதையை வார்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஒரு கவலை. அந்த முட்டிவலியோடு இன்னும் எத்தனை காலம் பஸ் ஓட்டுவீர்கள்? இந்த வேலை கைநழுவிப் போகக் கூடாது. உங்கள் லீவு, ஷிப்ட் மாற்றம் எல்லாம் இத்தனை வருஷமாக இங்கிருந்து கம்ப்யூட்டரில் நான்தானே போட்டேன்? உங்கள் டிப்போ கணக்கின் பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கிறது. இதையும் டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவேன். வகுப்பு அது பாட்டுக்கு நடக்கட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நர்ஸம்மா

மார்ச் 25

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. ஆனால் நீ போடக் கூடாது. நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவன் தன் விண்ணப்பத்தையே பெண்டாட்டியை விட்டுப் போடச் சொன்னால், அங்கே எந்த முகத்தோடு நிற்பான்?

எங்கள் டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வகுப்பில் நடப்பார். எவ்வளவு கெஞ்சினாலும் மவுஸைத் தொடமாட்டார். "என் கை பட்டா அது என் வேலையாயிடும்" என்பார். போன வாரம் நான் எழுதியதெல்லாம் திரையிலிருந்து மறைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை, பாவி. நானே தேடி மீட்டேன். அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆள் இல்லை.

போனில் இதைப் பற்றிக் கேட்காதே. முடிந்ததும் எழுதுகிறேன்.

உன் டிரைவர்

ஏப்ரல் 19

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு செய்தி. யாரோ என் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார்களாம். நீங்கள்தானா என்று கேட்டது. நுழைகிற ஆள் இருக்கும் ஊரையும் காட்டியது. உன் ஊர்.

சமையல்காரர் திருடன் திருடன் என்று எழுந்தே விட்டார். டீச்சரைப் பார்த்தேன். கை பின்னாலேயே இருந்தது. "நான் இல்லை" என்பதை அழுத்தினேன். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது, மாற்றினேன். அப்புறம்தான் விண்ணப்பத்தை அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. வகுப்பே கை தட்டியது.

உன் ஊரில் திருட்டு பயம் ஜாஸ்தி போலிருக்கிறது. ஜாக்கிரதையாக இரு.

உன் டிரைவர்

ஏப்ரல் 30

என் அன்பு டிரைவர் ஐயாவுக்கு,

திருடியை உங்களுக்குத் தெரியாதா என்ன? கடைசி நாளும் வந்துவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மனசு கேட்கவில்லை. டியூட்டிக்கு நடுவில் ஓய்வறையில் உட்கார்ந்து பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். அனுமதி இல்லை என்று வந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. "என் வீட்டுக்காரர் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டார்" என்று வார்டு முழுக்கச் சொன்னேன். எல்லாரும் பதறிப்போய் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வேலை கிடைக்கிறதோ இல்லையோ, எனக்கு இந்தப் பெருமை போதும். புதுப் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாதீர்கள். நான் கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்கள் டீச்சர் மாதிரி நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாயிற்று. இதை எழுத மட்டும் அவிழ்த்தேன்.

உங்கள் நர்ஸம்மா