பத்துத் தகரம்

ஜூலை 7, திங்கள்
எழுத்தெல்லாம் கோணல். பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்க்க யாருமில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். எழுபத்திரண்டு வயதில் பழகிய கை. 'ழ' மட்டும் அழகாக வந்திருக்கிறது.
நேற்றைய காற்றில் எங்கள் காம்பரா வீட்டின் கூரைத் தகரம் மூன்று பறந்துவிட்டது. ஒன்று தேயிலைக்குள், மடங்கி. எல்லாம் துரு. பக்கத்துக் காம்பரா என் மனைவி செல்லம்மாவின் தம்பி ராசு. தோட்டத்துச் சங்கத் தலைவர். அவன் தகரம் ஒன்றுகூட அசையவில்லை.
செல்லம்மாவுக்கு இருமல். கட்டிலை அடுப்புப் பக்கம் நகர்த்தினேன்.

ஜூலை 8, செவ்வாய்
மழை. தகரம் கேட்டு நானே மனு எழுதினேன். ஒரு முழுப் பக்கம்! எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த டீச்சர் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒரே ஒரு பிழைதான்." நாள் முழுக்கச் சிரிப்பு எனக்கு.
ராசு: "என்னா மச்சான், கிளாக்கர் வேலைக்குப் போகப் போறீங்களா? எங்கிட்ட சொன்னா நான் பேச மாட்டேனா?"

ஜூலை 9, புதன்
ஆபீஸ். கிளாக்கர் பழைய ஃபைலைத் திறந்தார்.
"ஒங்களுக்குப் போன காத்துக்கே புதுத் தகரம் குடுத்தாச்சே. இந்தா, ஒங்க கைநாட்டு."
"குடுங்க, வாசிக்கிறேன்."
சிரித்துக்கொண்டே கொடுத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பத்துத் தகரம் பெற்றுக்கொண்டேன். கீழே என் பெருவிரல். சாட்சி: ராசு.
"பேரு பதியத்தான் மச்சான், வையுங்க" என்று அன்றைக்குச் சொன்னான். ஒரு தகரமும் வரவில்லை. அந்த மாதம்தான் அவன் கூரை மாறியது. ஏணியைப் பிடித்தது நான்.
ஓட்டைக்கு மேல் விரித்துக் கட்ட கிளாக்கர் ஒரு தரப்பாள் மட்டும் தந்தார். மைப்பெட்டியை நீட்டினார். பேனா கேட்டேன். தாளை முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு நேரம் அவரைக் காக்க வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்
ராசுதான் கூரையில் ஏறித் தரப்பாள் கட்டினான். "கல்லு பத்தல மச்சான், இன்னும் ரெண்டு குடுங்க."
கொடுத்தேன். "அந்தப் பத்துத் தகரம் எங்க, ராசு?"
கட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "அக்காகிட்ட சொல்லிராதீங்க."
உள்ளே வந்தால் செல்லம்மா, "தம்பி இல்லாட்டி நம்மள யாரு பாப்பாங்க?" இருமல்.
இதை எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னா எழுதியிருக்கீங்க? வாசிங்க கேப்போம்."
'இன்று காற்று குறைவு. தம்பி வந்து தரப்பாள் கட்டினான்' என்று வாசித்தேன்.
"இவ்ளோ எழுத்துக்கு அவ்ளோதானா?" சிரித்தாள். "எனக்கும் சொல்லிக் குடுங்க."
அடுத்த கிழமை திங்களன்று தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். நானும் அடுத்த கிழமை எழுதுவேன். வேறு நோட்டுக் கொப்பியில்.