ஒன்பதாம் பெட்டியின் அம்புக்குறி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது வீட்டில் இருக்கிற ஒட்டடை எல்லாம் அவருக்குத் தெரிகிறது, என்னைப் பாடாய்ப் படுத்துகிறார். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஆறு நாளாக உனக்கு ஃபோன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குழந்தை எப்போது என்று நான் கேட்டது தப்புதான், என் வாய் அப்படி. இனிமே ஆபீஸ் விஷயம் இருந்தா மட்டும் பேசும்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். இது ஆபீஸ் விஷயம்தான் கண்ணு, கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படி.

அம்மா கல் கிடங்கில், மகள் அதே கம்பெனியின் தலைமை ஆபீஸில் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, அதற்குத்தான் அனுபவிக்கிறேன். புது ஆஸ்பத்திரி வரப்போகிற இடத்தில் துளை போட்டு எடுத்த கல் உருளைகளை நான்தான் பெட்டியில் அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினேன், நீ படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினாய். ஒன்பதாம் பெட்டியை நான் தலைகீழாக அடுக்கிவிட்டேன். துளை போடுகிற குழாயிலிருந்து தட்டி எடுக்கும்போது அடியில் இருந்த கல்தான் முதலில் வெளியே வரும், அதைத் திருப்பி அடுக்க வேண்டும், பதினொரு வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்தது, வெளிச்சம் போவதற்குள் படம் எடுத்துவிடலாம் என்று வந்த வரிசையிலேயே வைத்துவிட்டேன். மேல்பக்கம் எது என்று டிரில்லர் சிவப்புச் சாக்பீஸால் போட்ட அம்புக்குறி அடிப்பக்கம் மறைந்துபோனது. போன திங்கட்கிழமை சோதனைக்கு அறுப்பதற்காகக் கல்லைத் தூக்கியபோதுதான் பார்த்தேன்.

போன லீவில் கரண்ட் பில்லின் பின்னால் நீ படம் போட்டுக் காட்டினாயே. பழைய ஏரிப் பள்ளத்தில் படிந்த சேறு கல்லாகியிருக்கிறது, அதற்குள் மணல் கோடு மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் ஏரி வற்றி, சேறு வெடித்து, வெடிப்பில் மணல் விழுந்தது. கீழே அகன்று மேலே குறுகினால் நிலம் குலுங்கி, அடியில் கிடந்த மணல் தண்ணீரோடு மேலே பீய்ச்சியது என்றாய். என் படத்தைப் பார்த்து வற்றிய ஏரி, அமைதியான பள்ளம் என்று எழுதிவிட்டாய். இப்போது சரியாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன், மூன்று அடுக்கில் மணல் மேலே ஏறியிருக்கிறது. மூன்று தடவை குலுங்கியிருக்கிறது கண்ணு. மற்ற இரண்டு துளையும் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. அஸ்திவாரத்துக்கு எவ்வளவு கம்பி என்பதை உன் ஒரு வரியை நம்பித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களும் பிள்ளை பெற்ற பெண்களும் ஓட முடியாமல் கிடக்கப்போகிற கட்டடம் அது.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, இது வெளிய வந்தா முதல்ல உங்க பொண்ணு லைசென்ஸ்தான் போகும், பரவாயில்லையா என்று கேட்டார். பெட்டி சரியாக இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னை நினைத்துப் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சாப்பிடாமல் எழுந்தால் வயிறு சரியில்லை என்கிறேன். ஆபீஸ் மெயிலில் எழுதினால் சூப்பர்வைசர் கண்ணில் படும், அதனால்தான் கூரியர்.

இந்தப் பார்சலில் அந்தக் கல்லில் ஒரு துண்டை என் பழைய புடவைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், சாக்பீஸ் குறி அழியாமல் பிரித்துப் பார். அம்புக்குறி உள்ள பக்கத்தையும் மணல் ஏறிய பக்கத்தையும் படம் எடுத்து, ரிப்போர்ட் தப்பு என்று நீயே எழுது. படம் அனுப்பியவள் தலைகீழாக அடுக்கிவிட்டாள் என்று என்னைக் காட்டிக் கொடு, தயங்காதே. நீ முந்திக்கொண்டு சொன்னால் அதற்குப் பெயர் திருத்தம். நான் போய்ச் சொன்னால், மகள் எழுதியதை அம்மா மூடி மறைத்தாள் என்று ஆகிவிடும், இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத்தான் பேசுவார்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன், பெற்றவள் இப்படி எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல், வேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை காலை கான்கிரீட் போடுகிறார்கள். பார்சல் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். புதன்கிழமை சாயங்காலம் வரை காத்திருப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்றால், நான் போட்ட கையெழுத்து பொய் என்று ஆஸ்பத்திரி இன்ஜினீயரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் நீ என்னோடு பேசாமலே இருந்தாலும் சரி.

உன்னைப் பெற்ற அம்மா