ஏழாவது வரிசையும் ஒரு தொப்பியும்

மார்ச் 3, செவ்வாய்

விழாக் குழுவுக்கு இந்த முறை கடிதம் எழுதியே தீர வேண்டும். போன ஆண்டும் இதையேதான் சொன்னேன், எழுதவில்லை. அதனால் முதலில் இங்கே குறிப்புகள். ஒவ்வொன்றாக யோசித்துத் தெளிந்தபின் நல்ல தாளில் எழுதலாம்.

1. பூங்கா இசை விழாவில் முன்னால் நிற்கும் ஒருவர், பின்னால் உட்கார்ந்திருக்கும் பலருக்கு மேடையை மறைக்கிறார். (எத்தனை பேருக்கு? படம் வரைந்து கணக்கிட வேண்டும்.)

2. நாற்காலி கொண்டுவரலாம் என்று அறிவிப்பில் போட்டவர்கள், நிற்பவர்களுக்கும் தனி இடம் குறிக்க வேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒரே புல்தரையில் அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது.

3. உட்கார்ந்து கேட்பதே வாசிப்பவருக்குச் செய்யும் மரியாதை. நிற்பவர் தன்னைக் காட்டிக்கொள்ளவே நிற்கிறார். அது குற்றம்.

4. நிற்கும் ஒருவரை உட்காரச் சொல்வது எப்படி? (விடை தெரியவில்லை.)

மூன்றாவதில் காரம் கொஞ்சம் கூடிவிட்டதோ? இருக்கட்டும். கடிதத்தில் தணித்துக்கொள்ளலாம்.

மார்ச் 5, வியாழன்

எழுபத்தொரு வயதில் இதற்குப் போய் ஏன் இவ்வளவு எரிச்சல் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதிலை எழுதிவிடுவது நல்லது.

மகள் காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு சாக்ஸபோன் வாசிக்கப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விழாவின் இரண்டாம் நாள் மாலை நாலரைக்கு அவளுடைய குழு. மூன்று ஆண்டும் போனேன். மூன்று ஆண்டும் ஏழாவது வரிசையில், வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன மடக்கு நாற்காலியில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆண்டும் நான் பார்த்தது ஒரு தொப்பியை.

தொப்பி என் மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. ஆறடிக்கு மேல் ஓரங்குலம். வீட்டில் எல்லாருக்கும் அவன் நெட்டை. கடவுள் கொடுத்த உயரம் போதாதென்று அதற்கு மேல் அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி. எனக்குச் சரியாக மூன்று கஜம் முன்னால் போய்க் கம்பம் நட்டது போல் நின்றுகொள்வான். "உட்காரப்பா" என்று சொல்ல ஒவ்வோர் ஆண்டும் வாயைத் திறப்பேன். கொட்டாவி விட்டுவிட்டு மூடிக்கொள்வேன்.

போன ஆண்டு நிகழ்ச்சி முடிந்து மகள் கீழே இறங்கி வந்தாள்.

"எங்கப்பா இருந்தீங்க?"

"ஏழாவது வரிசைம்மா."

"அப்ப நான் என்ன கலர் சட்டை போட்டிருந்தேன், சொல்லுங்க பாப்போம்." மேலே ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"வெள்ளை...யா?"

கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். கருஞ்சிவப்பு. "சரிப்பா" என்றாள்.

அந்த 'சரிப்பா'வுக்குப் பிறகு ஓராண்டாகத் தொலைபேசியில் அம்மாவோடுதான் பேச்சு. எனக்கு "சாப்டீங்களா?" மட்டும். நான் சாப்பிட்டேன் என்பேன்.

வேலையை விட்டபோது நான் "யோசிச்சுக்கோ" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டாளோ? எதிர்ப்புதானா அது? பாதி. மீதி பயம். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மனைவியிடம் சொல்லியிருக்கிறாளாம்: "அப்பாவ இந்த வருஷம் சிரமப்படுத்தாதம்மா. வர வேண்டாம்."

போவேன். போய், அவள் என்ன நிறம் போட்டிருந்தாள் என்பதைப் பார்த்துவிட்டு வருவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

படம் முடிந்தது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வரைபடம் போட்டவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். இரண்டு நாள் பிடித்துவிட்டது. பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, மேலிருந்து பார்க்கும் தோற்றம் ஒன்று. மேடை மூன்றரை அடி. நாற்காலியில் உட்கார்ந்த என் கண் தரையிலிருந்து மூன்றடி பத்தங்குலம் (மனைவி அளந்தாள், "ஆடாம உக்காருங்க, இல்லேன்னா கண்ணுல குத்திடுவேன்"). என் கண்ணிலிருந்து மேடைக்குப் புள்ளிக்கோடு. அது போய்த் தொப்பியில் முட்டி நிற்கிறது.

நெட்டையும் தொப்பியுமாகச் சேர்ந்து மறைப்பது பதினேழு நாற்காலிகளை. ஒரே ஆள்! பதினேழு பேர்!

மார்ச் 11, புதன்

கடிதத்தையும் படத்தின் நகலையும் அனுப்பியாயிற்று. நான்கு முறை திருத்தி எழுதினேன். 'குற்றம்' என்பதை 'பொருத்தமற்றது' என்று மாற்றினேன். அனுப்பிய பிறகு 'பொருத்தமற்றது' கூட அதிகமோ என்று நாள் முழுக்க உளைச்சல்.

மார்ச் 14, சனி

பதில் வந்தது. "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்கள் நாற்காலி தொலைந்தது குறித்து வருந்துகிறோம்."

எந்த நாற்காலி? என் நாற்காலி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. குனிந்து பார்த்தும்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

குழுவை நம்பிப் பயனில்லை. ஆக, நான்காவது குறிப்பு. மனைவியிடம் யோசனை கேட்டேன். அவள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னை உக்கார வையுங்க."

"மன்னிக்கணும்..."

"எதுக்கு மன்னிக்கணும்? நீங்க என்ன பண்ணீங்க?"

"இல்ல, தயவுசெஞ்சு, உங்களுக்கு இடைஞ்சல் இல்லேன்னா..."

"இடைஞ்சல்தான். நான் நின்னுதான் பாப்பேன். காசு குடுத்து வந்திருக்கேன்."

"அப்ப சரி" என்றேன்.

"அப்ப சரியா! நீங்க உருப்பட்டாப்லதான். மேப்புல ஊர் ஊரா எல்லை போட்டீங்க, ஒரு ஆளை நகரச் சொல்ல வரலையே உங்களுக்கு."

பத்து முறை பழகினோம். பத்து முறையும் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் கால் வலிக்கிறதென்று தானாகவே உட்கார்ந்தாள். அதை வெற்றியில் சேர்க்க முடியாது.

மார்ச் 20, வெள்ளி

விழா முதல் நாள். மகள் வாசிப்பது நாளைதான். இன்று ஒத்திகைக்காகப் போனேன். இசைக்கு இல்லை, ஒருவரை உட்காரச் சொல்லிப் பேசுவதற்கு.

ஏழாவது வரிசை. நாற்காலியை விரித்து உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகவில்லை, முன்னால் ஒருவர் எழுந்தார். அவர் எழுந்ததால் அவருக்குப் பின்னால் இருந்த அம்மாள் எழுந்தார். அவர் எழுந்ததால் அடுத்தவர். நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன, ஆட்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும் அதே மேடைதான் எல்லாரும் நின்றாலும் தெரிகிறது. கால்வலி மட்டும் உபரி. இது யாருக்கும் உறைக்காதா? ஒருவருக்குக் கூடவா?

துணிந்து முன்னால் நின்றவரின் முழங்கையைத் தொட்டேன். திரும்பினார். நல்ல மீசை.

"என்ன ஐயா?"

"...மணி என்ன ஆகுது?"

"கையில வாட்ச் கட்டியிருக்கீங்களே!"

"ஓடல" என்றேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் சொன்ன நேரத்தைவிட என்னுடையதுதான் சரி.

வெளியே வரும்போது நெட்டை எதிர்ப்பட்டான், தொப்பியோடு. "என்ன அத்தான், நாற்காலியும் கையுமா! உக்காந்து கேக்க இது என்ன பல் டாக்டர் வீட்டு வெயிட்டிங் ரூமா? நாளைக்கு எம்பக்கத்துல வந்து நில்லுங்க."

"பாக்கலாம்" என்றேன். பார்க்க முடியாது என்பதுதானே பிரச்சினை. இந்தப் பதில் எனக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது.

மார்ச் 21, சனி. காலை

மகள் வந்துவிட்டுப் போனாள்.

சாக்ஸபோனின் கழுத்துப் பட்டை பிரிந்துவிட்டது, அம்மா தைத்துக் கொடுக்க வேண்டும் என்று வந்தாள். அம்மா ஊசியில் நூல் கோக்கும்வரை மேசைப் பக்கம் நின்றாள். என் படம் விரித்தபடியே கிடந்தது. மடித்து வைக்காதது என் தப்பு.

"இது என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"இந்தப் புள்ளி யாரு?"

"நான். ஏழாவது வரிசை."

"இது?"

"நீ."

அவளுடைய புள்ளியில் விரலை வைத்தாள். கோட்டின் மேலேயே மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டு வந்தாள். தொப்பியில் முட்டியதும் விரலை எடுத்துவிட்டாள்.

"மூணு வருஷமா நான் இதுவரைக்கும்தான்ப்பா பாத்திருக்கேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மேலேர்ந்து எல்லா முகமும் தெரியும்னு நெனச்சீங்களா? நிக்கறவங்க தலை மட்டும்தான் தெரியும். அம்மா ஒவ்வொரு வருஷமும் அப்பா வந்திருந்தாருன்னுதான் சொல்லுவா. எனக்காகப் பொய் சொல்றான்னு நெனச்சேன்."

"நான் வந்தேன்மா."

"வந்தீங்க, கலர் தெரியலையே. பிடிக்காம பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னு..." முடிக்கவில்லை. "மாமாவ அங்க நிக்கச் சொன்னதே நான்தான். நம்ம வீட்டுத் தலை ஒண்ணாவது கண்ணுல படட்டுமேன்னு. அந்தத் தொப்பியும் நான் வாங்கிக் குடுத்ததுதான்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பட்டையை வாங்கிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டும்போது, "வர்றீங்களாப்பா?" என்றாள். தலையாட்டினேன். வாயால் சொல்லியிருக்கலாம்.

முப்பத்தாறு ஆண்டுகள் கோடு போட்டிருக்கிறேன். இங்கிருந்து அங்கே தெரியவில்லை என்றால் அங்கிருந்து இங்கேயும் தெரியாது. கோடு ஒன்றுதானே? பயிற்சிக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். என் கண்ணிலிருந்து மேடைக்குப் போட்டேன். அவள் கண்ணிலிருந்து ஒரு கோடு போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லையே எனக்கு. மடையன். மடையன்.

பதினொரு மணி

எழுந்து நின்றால் மட்டும் போதாது. என் உயரத்துக்குத் தொப்பி அப்போதும் மறைக்கும். பக்கவாட்டில் நகர வேண்டும். மேடைக்கு இடப்புறம், ஒலிக்கட்டுப்பாட்டுக் கூடாரத்தை ஒட்டி ஓரிடம் இருக்கிறது. அங்கே நின்றால் பின்னால் இரண்டு நாற்காலிகளுக்குத்தான் மறையும். அந்த இரண்டு இடத்தையும் நம் நாற்காலிகளையே போட்டுப் பிடித்துக்கொண்டால் வெளியார் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கோடு போட்டுச் சரிபார்த்துவிட்டேன். இரண்டு பக்கமிருந்தும்.

மார்ச் 21. மாலை ஏழு மணி, வீடு

திட்டப்படி நாலு மணிக்கே போய் நாற்காலிகளை விரித்தோம். நாலரைக்கு அவளுடைய குழு மேடையேறியது. நான் எழுந்து இரண்டடி முன்னால் போய் நின்றேன். பொது இடத்தில் இப்படி நின்று எத்தனை ஆண்டாயிற்று? கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஊர் முழுக்க என் முதுகையே பார்ப்பது போலிருந்தது.

முதல் பாட்டு தொடங்கியதும் பின்னாலிருந்து குரல்.

"என்னங்க, உக்காருங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

மனைவி! கணக்கில் அவளை விட்டுவிட்டேன். வெளியாருக்கு இடைஞ்சல் இல்லை என்பதோடு மனசு நின்றுவிட்டது.

"என்னங்க! காது கேக்கலையா? மலை மாதிரி நிக்கறீங்களே!"

ஐந்தடி ஐந்தங்குலத்தை யாரும் மலை என்று சொன்னதில்லை. வேறு நாளாக இருந்தால் அந்தக் கணமே உட்கார்ந்திருப்பேன். நாற்பத்தோரு ஆண்டுகளில் அவள் சொல்லி நான் உட்காராதது இதுதான் முதல் தடவை. திரும்பாமலேயே, "நான் உக்கார மாட்டேன். நீ எந்திரி" என்றேன். என் குரலா அது? அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ("முட்டி போச்சு. ராத்திரி நீங்கதான் தைலம் தேய்க்கணும்.")

மகளின் கண் முதலில் தொப்பிக்குப் போனது. பழக்கம். பிறகு அங்கிருந்து இடப்பக்கம் நகர்ந்து, கூடாரத்தைத் தாண்டி, எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது.

வாயில் சாக்ஸபோனை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது. சிரித்தாள். ஒரு ஸ்வரம் பிசிறிப் போய்விட்டது. பக்கத்தில் கிட்டார் வாசித்தவன் திரும்பிப் பார்த்தான்.

மஞ்சள். சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன. மனைவிக்கும்தான். தைலப் புட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது. மகள் தொலைபேசியில் என்னோடு பதினாறு நிமிடம் பேசினாள். பெரும்பாலும் அந்தப் பிசிறைப் பற்றி. "உங்களாலதான்ப்பா" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

குழுவுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். (நாற்காலி தொலையவில்லை என்பதையும் சேர்த்து.)

குறிப்பு 1 அப்படியே இருக்கட்டும். பதினேழு பேருக்கு மறைக்கத்தான் செய்கிறது. நெட்டையை அடுத்த ஆண்டு என் இடத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்த வேண்டும். குறிப்பு 2, நிற்க ஓர் இடம், உட்கார ஓர் இடம்: முன்னைவிட அழுத்தமாகவே எழுதியிருக்கிறேன். குறிப்பு 4-க்கு இன்னும் விடை இல்லை. மனைவி எவ்வளவு கேட்டும் நான் உட்காரவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், விடை இருக்குமென்று தோன்றவும் இல்லை.

குறிப்பு 3. நிற்பவர் தன்னைக் காட்டிக்கொள்ளவே நிற்கிறார் என்று எழுதியிருந்தேன். நான் அதற்காகத்தான் நின்றேன். அதைக் குற்றம் என்று எழுதியது தவறு.