படகில் வந்த கோழி

05.02.2012
பாண், சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கணக்குக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதியாச்சு. இது பின்பக்கம்.

இன்றைக்கும் பெண்கள் எல்லாரும் றம்லா ராத்தாவின் முற்றத்தில் கூலிக்கு வெங்காயத் தாள் வெட்டினோம். வழமைபோல அவ கதை சொன்னா, நான் ‘ம்’ போட்டேன். ஒருத்தி ‘ம்’ போட்டால்தான் ராத்தாவுக்கு அடுத்த வரி வரும். இத்தனை வருசமும் அந்த ஒருத்தி நான்தான். இன்றைக்கு எடுத்தது, தொண்ணூறில் இயக்கம் விரட்ட, மன்னாரை விட்டு ராத்தாவும் நாங்களும் ஒரே படகில் ஏறி வந்த கதை. என் வாப்பா வரும் இடத்தில் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள், சிரிக்க.

“அரிசிச் சாக்கைக் கரையில விட்டுட்டு, மனிசன் சால்வைக்குள்ள ஒரு கறுத்தக் கோழியோட ஏறி இருந்திட்டார். நடுக்கடல்ல அது கொக்கரிக்குது. படகுக்கார யாக்கோபு கேட்டார், ‘அண்ணே, உள்ளுக்கு ஒளிச்சு வச்சிருக்கிற குமர்ப் புள்ளைக்கும் இடம் வேணுமோ?’”

வாப்பா அடுத்த வருசமே அகதி முகாமில் மௌத்தாப் போனவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ‘ம்’ போட்டேன். அதுதான் இப்ப எரியுது — நானே போட்டேனே!

06.02.2012
போய்க் கேட்டேன். “ராத்தா, அந்தக் கோழியை எடுத்துப் போடுங்க. மௌத்தானவங்கட நல்லதைத்தான் கதைக்கணும்.”

“நான் பொய்யா சொன்னேன், பஸீனா?”

“இல்ல.”

“பிறகென்ன? கோழி இல்லாட்டி அந்தப் படகுல அழுகை மட்டும்தான் புள்ள. ஆர் இருந்து கேக்கிறது?”

வீட்டுக்கு வந்துவிட்டேன். பொய் என்றால் தடுத்திருக்கலாம்.

09.02.2012
திரும்பவும் அதே கதை. நான் ‘ம்’ போடவில்லை. ராத்தா முதல் வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. நான் வெங்காயத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுல்பா முந்திக்கொண்டு ‘ம்’ போடத் தொடங்கினாள். ராத்தா மூச்சு எடுக்க முதலே ‘ம்’, ‘ம்’. “நிப்பாட்டு புள்ள, நீ கதையைத் துரத்துறாய்!”

கதை அதோடு முறிந்தது. சுல்பா என் காதில் விழும்படி சொன்னாள்: “மூஞ்சைத் தூக்கினது ஒருத்தி, கதை போனது எல்லாருக்கும்.”

11.02.2012
தலையிடி என்று சொல்லி அனுப்பினேன். தலையிடி இல்லை. இது பொய்தானே? யா அல்லாஹ்.

14.02.2012
மகள் ஸுஹைரா ஏன் போகவில்லை என்று கேட்டாள். சொன்னேன். என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

“மூத்தவாப்பாட ஒரு போட்டோகூட நம்மட்ட இல்லயே உம்மா. அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அந்தக் கோழி மட்டும்தான். நீங்க எப்ப என்ன சொன்னீங்க?”

“வாயை மூடு” என்றேன். சோறு அடிப்பிடித்துப் போனது.

நான் எப்ப சொன்னேன்? சொல்லவே இல்லையே.

16.02.2012
போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ராத்தா படகுக் கதையை எடுத்தா. ‘ம்’ போட்டேன். படகு தள்ளினார்கள். அரிசிச் சாக்கு கரையில் நின்றது. பிறகு கதை நேரே கற்பிட்டிக் கரையில் இறங்கிவிட்டது. கோழி இல்லை. எனக்காகத்தான். யாரும் சிரிக்கவில்லை. வாப்பா அந்தப் படகிலேயே இல்லாமல் போய்விட்டார்.

எனக்கு ‘ம்’ வரவில்லை.

“கோழியை விட்டுட்டீங்களே, ராத்தா.”

அவ கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

நான் தொடங்கினேன்: “அது கறுப்பில்ல, சிவப்பு. எங்கட உம்மா வளர்த்தது. அப்ப உம்மா மௌத்தாகி நாப்பதாம் நாள் கத்தம்கூட ஓதி முடியல்ல. ஆளுக்கு ஒன்டைத்தான் படகுல ஏத்தலாம் என்டாங்க. வாப்பா சாக்கைப் பார்த்தாரு, கோழியைப் பார்த்தாரு...”

ராத்தாவைப் பார்த்தேன்.

“ம்” என்றா ராத்தா.