அறுபத்திரண்டு என்றே இருக்கட்டும்

மேடம்,

உங்கள் நீலப் பையைத் திறந்ததும் நாப்தலீன் வாசனை முகத்தில் அடித்தது. முடிச்சூரில் காலையிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மேசைமேல் உங்கள் புத்தகத்தின் கடைசி மெய்ப்பு. நாளை அச்சுக்குப் போகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து படகில் நீங்கள் கொண்டுவந்தது இந்தப் பை ஒன்றைத்தான். உள்ளே, பழைய கணிதச் சுவடிகளைப் பார்த்துக் கையால் எழுதிய நான்கு நோட்டுகள். அந்தச் சுவடிகள் இருந்த வீடு பிறகு எரிந்துவிட்டது. கணிதத்தின் வரலாற்றைப் பற்றிய உங்கள் கட்டுரைகள் வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குப் போயின. பாஸ்போர்ட் இல்லாத நீங்கள் போகவில்லை. காவல் நிலையத்தில் அகதிப் பதிவைப் புதுப்பிக்கும் நாளில் சோறு தொடமாட்டீர்கள். அழைப்பு மணி அடித்தால் முதலில் பையைத்தான் பார்ப்பீர்கள்.

நான் அந்த நோட்டுகளைத் தட்டச்சு செய்ய வந்தவள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் கணிதத்தில். ஒரு கணக்கில் ஒன்பது முழ நீளம், ஏழு முழ அகலம், பரப்பு அறுபத்திரண்டு என்றிருந்தது. அறுபத்து மூன்று என்று அடித்தேன், பெருமையாக.

"ஐயோ பிள்ளை, பிழையைத் திருத்தாத! இதே பிழை தஞ்சாவூர்ச் சுவடியிலயும் கிடக்கு. ரெண்டும் ஒண்டைப் பாத்து எழுதினதெண்டு அதாலதானே தெரியுது. சரியான விடையை ஆரும் எழுதலாம்."

பிறகு கேட்டீர்கள்: "வேற எங்கையும் திருத்தினனியோ?"

"இல்ல மேடம்."

வேலை போய்விடுமோ என்று பயந்து சொன்ன பொய் அது. ஆறே மாதத்தில் நீங்கள் இறந்துபோனீர்கள்.

இரண்டு நாளாக மெய்ப்பையும் நோட்டுகளையும் ஒப்பிட்டேன். நான் திருத்திய நான்கு இடங்களைப் பழையபடி மாற்றிவிட்டேன். ஐந்தாவதாக ஓர் இடத்தில் சந்தேகம். நோட்டில் அந்தப் பக்கத்தில், நான் தட்டச்சு செய்த பிறகு மழைநீர் இறங்கி மை கரைந்திருக்கிறது. மெய்ப்பில் எண்பத்து நான்கு. நோட்டில் இருந்ததா, நான் போட்டதா? நினைவில்லை.

வேலைக்குக் கிளம்பிய அம்மா வாசலில் நின்றாள். "இன்னாடி, பேயறஞ்ச மாதிரி குந்திகினு கீற? போன் பண்ணி சொல்லேன். கடிச்சித் துன்னுடுவாங்களா இன்னா?"

பதிப்பாசிரியரை அழைத்துச் சொன்னேன். "இதையெல்லாம் இப்ப வந்து சொல்றீங்களேம்மா!" என்றார். கடைசியில், அந்த விடையின் கீழே ஒரு குறிப்பு போட ஒப்புக்கொண்டார்: தட்டச்சு செய்தவர் இந்த எண்ணை மாற்றியிருக்கக்கூடும்.

"பேரு போடணுமா?"

"போடுங்க சார்."

பயம் போகவில்லை. பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்; மணி அடித்தால் என் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது.

அன்று கேட்டீர்களே, மேடம். திருத்தினேன்.