உன் தளத்தில் வந்த புதுச் செய்தி

என் செல்லத் தம்பி அன்ரனுக்கு,

நீ கண்மூடிய பிறகும் விடிந்ததும் கை தானாகக் கைபேசிக்குத்தான் போகிறது. எங்கள் ஊர் வங்காலைச் செய்திகளுக்காக நீ நடத்திய தளத்தையும் வானிலை, பத்திரிகைத் தளங்களையும் ரீடர் என்ற ஒரே செயலியில் சேர்த்துத் தந்தவன் நீதானே. "ஒவ்வொண்டாய்த் தேடித் திரியாதை அக்கா, புதுசாய் ஏதும் போட்டால் அதுவே உன்னட்டை வரும்" என்றாய். மற்றத் தளங்கள் நிரம்பி வழிந்தன. உன்னுடையதில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதை எதிர்பார்த்தேன்?

போன மாதம் ஒரு காலை, உன் தளத்தில் புதிதாக ஏதோ வந்திருப்பதாகக் காட்டியது. மீன் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் திறந்தேன். சூதாட்ட விளம்பரம். தளத்தின் பெயரை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ அதை வாங்கிவிட்டார்கள். அன்று வீட்டில் இருக்க முடியவில்லை. கோயிலடிக்கும் கடற்கரைக்குமாக நடந்தேன்.

முசலியிலிருக்கும் உன் கூட்டாளி நிசார் நான் நடத்தவென்று புதுப் பெயரில் ஒரு தளம் செய்து தந்தான். வெளிநாட்டிலிருக்கும் ஊராரும் அதைத் தங்கள் ரீடரில் சேர்த்துக்கொண்டார்கள். உன் பழைய பதிவுகளை அவன் தன் கணினியில் பத்திரமாக வைத்திருந்தான். பழைய தளத்தை ரீடரிலிருந்து நீக்கச் சொன்னான். என்னால் முடியவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஒரு நாள் கடலில் பெருங்காற்று. மீன்பிடிக்கப் போன சூசை அண்ணரின் படகு மதியமாகியும் கரை திரும்பவில்லை. படகு கவிழ்ந்துவிட்டதென்று முகநூலில் யாரோ எழுத, இத்தாலியிலிருந்து அவருடைய மகள் அழுதபடி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் எழுதாமல் அவருடைய மனைவியோடு கரையில் நின்றேன். எஞ்சின் பழுதாகி தெற்கே அரிப்பு ஊர்க் கரையில் ஒதுங்கியவர், யாருடையதோ கைபேசியில் மனைவிக்கு எடுத்தார். அவருடைய குரலை நானும் கேட்ட பிறகே புதுத் தளத்தில் என் முதல் செய்தியைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் மறுபடி எடுத்தாள். "ரீடரிலை பார்த்தனான் மாமி. நீங்கள் போட்டபடியால்தான் நம்பினனான்."

அன்று பழைய தளத்தை நீக்கினேன். நீக்கிய பிறகும் நெஞ்சு ஆறவில்லை, தம்பி.

என் காதால் கேளாத எதையும் போட மாட்டேன். இன்றும் காற்றுத்தான்; இரண்டு படகுகள் இன்னும் வரவில்லை. கரைக்குப் போயிட்டு வாறன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ஜெசி